வெள்ளை ட்ரில்லியத்தைக் கிழங்கிலிருந்து வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோ மாகாண அரசின் கடிதங்களிலும் படிவங்களிலும் நாம் காணும் மூவிதழ்ச் சின்னம் ட்ரில்லியம் பூவைக் குறிக்கிறது. வெள்ளை ட்ரில்லியம் 1937ஆம் ஆண்டில் மாகாணப் பூவாக ஏற்கப்பட்டது. கிழக்கு வட அமெரிக்காவின் இலையுதிர் காடுகளுக்கு உரிய இந்தப் பல்லாண்டுச் செடியை, ரொறன்ரோ, ஸ்காபுரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பகுதிகளில் பின்வளவின் மர நிழலில் புல் முளைக்காமல் தவிக்கும் பலர் இப்போது நட விரும்புகிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன.

நிழல் செடி என்கிறார்களே, வெயிலே தேவையில்லையா?

தேவை, ஆனால் அது எந்த மாதத்து வெயில் என்பதுதான் முக்கியம். ஏப்ரலில் பனி கரைந்து மண் இளகும்போது மேப்பிள் மரங்களில் இன்னும் இலை இருப்பதில்லை. அந்த இடைவெளியில் சூரிய ஒளி காட்டின் தரைவரை இறங்குகிறது. ட்ரில்லியம் அப்போது மண்ணுக்கு மேலே வந்து, ஒரே தண்டில் மூன்று இலைகளை விரித்து, ஏப்ரல் இறுதியிலிருந்து மே மாதத்துக்குள் பூத்துவிடுகிறது. மே கடைசியில் மரங்களின் இலைகள் கூரைபோல் மூடிக்கொண்ட பிறகு, மங்கிய ஒளியில் மெதுவாக வாழ்ந்து, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மஞ்சளாகி மறைகிறது. ஓர் ஆண்டுக்கு வேண்டிய உணவின் பெரும்பகுதியை அந்தச் சில வாரங்களிலேயே தயாரித்துக் கிழங்கில் சேர்த்துவைக்கிறது. அடுத்த ஆண்டு எழவேண்டிய மொட்டும் இந்தக் கோடையிலேயே கிழங்கின் நுனியில் உருவாகிவிடுகிறது. ஆகவே வசந்தகாலத்தில் வெயிலும் கோடையில் நிழலும் கிடைக்கும் இடமே இதற்கு ஏற்ற இடமாகும். கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறப்பவை.

அப்படியானால் எந்த மரத்தின் கீழ் நடலாம்?

சீனி மேப்பிள், ஓக், பீச், பாஸ்வுட், பேர்ச் போன்ற இலையுதிர் மரங்களின் கீழ் நன்றாக வளரும். ஸ்புரூஸ், சீடர் போன்ற ஊசியிலை மரங்களின் அடியில் ஆண்டு முழுவதும் இருளும் வறட்சியும் இருப்பதால் அங்கே நடவேண்டாம். ரொறன்ரோத் தெருக்களில் பரவலாகக் காணப்படும் நோர்வே மேப்பிளும் நல்ல துணை அன்று. அதன் நிழல் மிக அடர்த்தியானது. மேல்மண்ணிலேயே வலைபோலப் பின்னிக்கிடக்கும் அதன் வேர்கள் ஈரத்தை முழுவதும் உறிஞ்சிவிடும். மரமே இல்லாத வளவாக இருந்தால், வீட்டின் கிழக்குப் பக்கத்தில் காலை வெயில் மட்டும் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

கிழங்கை எங்கே வாங்குவது? விலையில் ஏன் இவ்வளவு வேறுபாடு?

மண்ணும் தொட்டியும் இல்லாமல், உறங்கும் நிலையில் உள்ள கிழங்கை ஈரப் பாசியில் சுற்றிப் பையில் அடைத்து விற்பார்கள். அஞ்சலில் அனுப்ப எளிது, விலையும் குறைவு. இந்த மலிவு விலையில்தான் சந்தேகம் எழவேண்டும்.

ட்ரில்லியம் விதையிலிருந்து முளைத்துப் பூக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் ஒரு பண்ணையில் இடம் கொடுத்து, களை எடுத்து, நீர் ஊற்றிப் பராமரித்த ஒருவர், பூக்கும் பருவத்துக் கிழங்குகளைக் கட்டுக் கட்டாகச் சில டாலர்களுக்கு விற்க இயலாது. அப்படி விற்கப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை எங்கோ ஒரு காட்டிலிருந்து தோண்டப்பட்டவை. தோண்டப்பட்ட இடத்தில் அதே அளவு செடிகள் மீண்டும் நிற்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும்.

வாங்கும்போது சொற்களைக் கவனிக்க வேண்டும். ‘பண்ணையில் வளர்ந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பெரிய பொருள் இல்லை. காட்டிலிருந்து தோண்டிய கிழங்கை ஒரு பருவம் பாத்தியில் வைத்திருந்துவிட்டும் அப்படிச் சொல்லலாம். ‘இதைப் பண்ணையிலேயே விதையிலிருந்தோ, தாய்க்கிழங்கைப் பிரித்தோ உருவாக்கினீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்பவர் விரிவாகவே பதில் சொல்வார், பெரும்பாலும் பெருமையோடு. மழுப்பலான பதில் வந்தால் ட்ரில்லியத்தை விட்டுவிட்டு, எளிதில் பெருகக்கூடிய வேறொரு காட்டுச் செடியை வாங்குவதே சரி என்பது என் கருத்து. அப்படிப்பட்டவை சில கீழே சொல்லப்பட்டுள்ளன. உள்நாட்டுத் தாவரங்களை மட்டும் வளர்க்கும் சிறு பண்ணைகளும், வசந்தகாலத்தில் தாவர ஆர்வலர் சங்கங்கள் நடத்தும் விற்பனைகளும் பெரிய கடைகளைவிட நம்பகமானவை. அங்கே கிழங்காக அல்லாமல் தொட்டிச் செடியாகத்தான் கிடைத்தாலும் வாங்கலாம்.

பக்கத்துக் காட்டில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றனவே, அங்கிருந்து ஒன்றைத் தோண்டி எடுக்கலாமா?

கூடாது. மாகாணப் பூங்காக்களிலும், ரூஜ் தேசிய நகரப் பூங்காவிலும், பாதுகாப்பு நிலங்களிலும் செடிகளைப் பறிப்பதும் தோண்டுவதும் சட்டப்படி குற்றம். ‘ஒன்ராறியோவில் எங்கே ட்ரில்லியத்தைப் பறித்தாலும் குற்றம்’ என்று பலர் நம்புகிறார்கள், அது உண்மையன்று. சொந்த நிலத்தில் நிற்கும் வெள்ளை ட்ரில்லியத்துக்குப் பொதுவான தடை எதுவும் இல்லை. ஆனால் தலைகவிழ்ந்த பூவையுடைய வேறொரு ட்ரில்லியம் இனம் அழியும் நிலையில் உள்ளதாக மாகாணச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, மே மாதத்தில் பூவோடு பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதன் உணவுத் தயாரிப்பு பாதியில் நிற்கும் நேரம் அது.

கிழங்கு வந்து சேர்ந்தவுடன் என்ன பார்க்க வேண்டும்?

நல்ல கிழங்கு ஒரு சிறு இஞ்சித் துண்டைப் போலத் தடித்து, கையில் அழுத்தமாக இருக்கும். ஒரு முனையில் கூரான வெளிறிய மொட்டு இருக்கும். அடியில் சதைப்பற்றுள்ள வேர்கள் தொங்கும். அழுத்தினால் குழைவது அழுகியது. காய்ந்து சுருங்கி எடையற்றிருப்பது பெரும்பாலும் இறந்தது. மொட்டு ஒடிந்திருந்தால் அந்த ஆண்டு செடி எழாது; ஆயினும் கிழங்கு உறுதியாக இருந்தால் பக்க மொட்டு ஒன்று பின்னர் வளர வாய்ப்புண்டு.

கார்த்திகைப்பூக் கிழங்கை உறைபனிக்கு முன் தோண்டி, உலரவைத்து, வீட்டுக்குள் சேமித்துப் பழகியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ட்ரில்லியம் கிழங்கு உலர்வதைத் தாங்காது. வந்த அன்றே நடுவது நல்லது. முடியாவிட்டால், அதே ஈரப் பாசியோடு குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் சில நாள் வைக்கலாம். உறைகுளிர்ப் பகுதியில் வைக்கக் கூடாது.

எப்போது நடவேண்டும்?

ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை. நிலம் உறைவதற்கு முன் புதிய வேர்கள் சற்றேனும் மண்ணைப் பற்றிக்கொள்ள அந்தக் காலம் உதவும். மார்ச், ஏப்ரலில் பெரிய கடைகளின் அடுக்குகளில் தொங்கும் பைகளில் உள்ள கிழங்குகள், கடையின் சூட்டில் வெளிறிய தளிர்விட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சேமித்திருந்த உணவில் ஒரு பகுதியை அவை பைக்குள்ளேயே செலவழித்துவிட்டன. வசந்தகாலத்தில்தான் நடமுடியும் என்றால், மொட்டு இன்னும் விரியாத கிழங்கை, மண் இளகியவுடன் நட்டுவிட வேண்டும்.

எவ்வளவு ஆழத்தில், எப்படி நடுவது?

கிழங்கின் மேல்பகுதி மண்மட்டத்துக்குக் கீழே 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் இருக்கவேண்டும், அதாவது இரண்டிலிருந்து நான்கு அங்குலம். களிமண்ணாக இருந்தால் ஆழத்தைக் குறைத்தும், இளகிய மண்ணாக இருந்தால் கூட்டியும் நடலாம். குழியை ஆழமாக்குவதைவிட அகலமாக்குங்கள். மொட்டு மேல்நோக்கியும் வேர்கள் பக்கவாட்டில் விரிந்தும் இருக்கட்டும். எது மேல், எது கீழ் என்று தெரியாவிட்டால் கிழங்கைப் படுக்கையாக வைத்துவிடலாம். இயற்கையிலும் அது பெரும்பாலும் சாய்ந்தோ படுத்தோதான் கிடக்கிறது, ஆழம் போதாவிட்டால் வேர்களே சுருங்கி அதை மெல்லக் கீழே இழுத்துக்கொள்ளும். மண்ணை மூடிக் கையால் மெதுவாக அழுத்தி, நன்றாக நீர் ஊற்றி, மேலே இரண்டு அங்குல உயரத்துக்கு நறுக்கிய இலைகளைப் பரப்புங்கள். செடிக்குச் செடி 20 முதல் 30 செ.மீ. இடைவெளி போதும். ஒன்றைத் தனியாக நடுவதைவிட, ஐந்தாறை ஒரே இடத்தில் கூட்டமாக நடுவது அழகாக இருக்கும்.

பெரிய மரத்தின் கீழ் நடும்போது, முழுப் பரப்பையும் கொத்திவிட வேண்டாம். மரத்தின் வேர்களுக்கு இடையே கைக்கரண்டியால் சிறு குழிகள் தோண்டினால் மரத்துக்கும் காயமில்லை, செடிக்கும் இடம் கிடைக்கும். நட்ட இடத்தில் அடையாளக் குச்சி ஒன்றைக் குத்திவையுங்கள். கோடையில் செடி மறைந்துவிடும் என்பதால், வெறும் நிலம் என்று எண்ணி வேறொன்றை நடப்போய்க் கிழங்கை வெட்டிவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.

எங்கள் வளவில் வெறும் களிமண்தான் உள்ளது. உரம், மண்புழு எல்லாம் சேர்க்க வேண்டுமா?

புதிய குடியிருப்புகளில் வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, இயந்திரங்கள் ஓடி இறுகிய களிமண்ணின் மேல் மெல்லிய புல்விரிப்பை ஒட்டிவிட்டுப் போவது வழக்கம். காட்டுத் தரையில் பல நூற்றாண்டுகளாக இலைகள் மக்கி உருவான கருமண்ணில் வளரும் ஒரு செடியை அங்கே அப்படியே வைத்தால், பனி கரையும் காலத்தில் தேங்கும் நீரில் கிழங்கு அழுகிவிடும். மக்கிய இலைகளை நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேல்மண்ணோடு கலந்து, பாத்தியைச் சற்றே உயர்த்திக்கொண்டால் பெரும்பாலும் தீர்வு கிடைக்கும். தெற்கு ஒன்ராறியோவின் சுண்ணாம்புத்தன்மை கொண்ட மண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெள்ளை ட்ரில்லியம் நடுநிலையான மண்ணில் நன்றாகவே வளரும். அமிலம் சேர்க்கும் உரங்கள் தேவையில்லை, புல்லுக்கு இடும் உரமும் தேவையில்லை. இலைதான் இதற்கு உரம். இலையுதிர் காலத்தில் அண்டை வீட்டார் காகிதப் பைகளில் கட்டித் தெருவோரம் வைக்கும் இலைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யாரும் மறுக்கமாட்டார்கள், சற்று வியப்போடு பார்ப்பார்கள், அவ்வளவே.

மண்புழுவைப் பற்றிய பதில் நம்மவர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். ‘மண்புழு உழவனின் நண்பன்’ என்று பள்ளியில் படித்தது வயலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் பொருந்தும். இந்தக் காடுகளுக்குப் பொருந்தாது. கடைசிப் பனியுகத்தில் இந்த நிலப்பகுதி முழுவதும் பனிப்பாளத்தின் அடியில் இருந்தது. பனி விலகிய பிறகு வளர்ந்த காடுகள் மண்புழுக்கள் இல்லாமலேயே உருவானவை. இன்று நாம் இங்கே காணும் மண்புழுக்களில் பெரும்பாலானவை ஐரோப்பியக் குடியேற்றத்தோடு, செடித்தொட்டி மண்ணிலும் கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றிய மண்ணிலும் வந்தவை. மீன் தூண்டிலுக்கென்று வாங்கி மிஞ்சியதைக் காட்டோரம் கொட்டுவதாலும் அவை மேலும் பரவுகின்றன. பல ஆண்டுகளில் மெதுவாக மக்கவேண்டிய இலைப்படுக்கையை அவை ஒரே பருவத்தில் தின்று தீர்ப்பதால், ட்ரில்லியத்தின் விதைகளும் நாற்றுகளும் தங்குவதற்கு இடமில்லாமல் போகிறது. அண்மைக் காலத்தில் ஆசியாவைச் சேர்ந்த துள்ளும் மண்புழுக்களும் தெற்கு ஒன்ராறியோவில் காணப்படுகின்றன; மேல்மண்ணைக் காப்பித்தூள் போன்ற மணிகளாக மாற்றிவிடுபவை அவை. எனவே நிழல் பாத்திக்கு மண்புழுவை வாங்கி விடாதீர்கள். ஏற்கனவே இருப்பவற்றை ஒழிக்கமுடியாது. ஆண்டுதோறும் இலை போட்டு ஈடுகட்டுவதே வழி.

முதல் வசந்தகாலத்தில் ஒன்றுமே முளைக்கவில்லை. கிழங்கு செத்துவிட்டதா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். இடம் மாறிய கிழங்கு முதல் ஆண்டில் வேர் விடுவதில் மட்டும் ஈடுபட்டு, மண்ணுக்கு மேலே எதையும் அனுப்பாமல் இருப்பதுண்டு. சில கிழங்குகள் மூன்று சிறு இலைகளோடு நின்றுவிடும், பூ வராது. தோண்டிப் பார்த்தால் அந்தப் புதிய வேர்கள்தான் அறுபடும். இரண்டாவது வசந்தகாலமும் வெறுமையாகக் கழிந்தால் மட்டும் கைவிடலாம்.

பூவைப் பறித்துச் சாமி படத்துக்கு வைக்கலாமா?

பூவை மட்டும் அதன் சிறு காம்போடு கிள்ளினால் செடிக்குப் பெரிய தீங்கில்லை. ஆனால் பூ, இலைகளுக்கு மிக அருகிலேயே இருப்பதால், பறிப்பவர்கள் பெரும்பாலும் தண்டைப் பிடித்து மூன்று இலைகளோடும் ஒடித்துவிடுகிறார்கள். அந்த இலைகள் போனால் அந்த ஆண்டில் வேறு இலை வராது. சேமிப்பிலிருந்தே மறுவசந்தம் வரை வாழவேண்டிய கிழங்கு மெலிந்து, பல ஆண்டுகள் பூக்காமல் இருக்கலாம், இறந்தும் போகலாம். இளம் செடியில் எதையும் பறிக்காமல் விடுவதே நல்லது. இலைகள் மஞ்சளாகிச் சாயும்போது ‘சுத்தம்’ செய்வதற்காக வெட்டுவதும் இதே தீங்கைத்தான் செய்யும். தானாக வாடி உதிரும்வரை விட்டுவிடுங்கள்.

வெள்ளைப் பூ இளஞ்சிவப்பாகிவிட்டது. நோயா?

இல்லை. வெள்ளை ட்ரில்லியம் மூப்படையும்போது இளஞ்சிவப்பாக மாறுவது இயல்பு. இதழில் பச்சைக் கோடுகள் தோன்றினால்தான் கவலைப்பட வேண்டும். அது புதிய வகை அன்று. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வரும் நோய். ஆண்டுக்கு ஆண்டு பச்சை கூடி, பூ உருக்குலைந்து, செடி நலியும். மருந்து இல்லை. கிழங்கோடு தோண்டிக் குப்பையில் போடவேண்டும், மக்குரக் குவியலில் போடக் கூடாது. கருஞ்சிவப்பாகவே மலர்ந்து, முகர்ந்தால் கெட்ட இறைச்சியின் நாற்றம் வீசினால் அது சிவப்பு ட்ரில்லியம் என்ற வேறு இனம். அந்த நாற்றம் ஈக்களை அழைப்பதற்கானது.

மானும் அணிலும் விடுமா?

வெண்வால் மானுக்கு ட்ரில்லியம் மிகவும் பிடித்த உணவு. உயரமான, பூக்கும் செடிகளையே முதலில் தேடிக் கடிக்கும் என்பதால், ஒரு காட்டில் மான்கள் எவ்வளவு மேய்கின்றன என்பதை ட்ரில்லியங்களின் உயரத்தைக் கொண்டே ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ரூஜ் பள்ளத்தாக்கை ஒட்டிய வீடுகளில் வேலி இல்லாமல் நடுவது வீண். அணில்களும் சிப்மங்குகளும் புதிதாகக் கிளறிய மண்ணை வேடிக்கைக்காகவே தோண்டும். நட்ட உடன் கோழிவலைத் துண்டொன்றை மேலே விரித்துக் கல் வைத்து, மார்ச் இறுதியில் எடுத்துவிடுங்கள். நத்தைகளை இரவில் கையால் பொறுக்குவதே போதும்.

கோடையில் வெறுமையாகும் இடத்தில் வேறென்ன நடலாம்?

கிறிஸ்மஸ் ஃபெர்ன், ஃபோம்ஃபிளவர், சாலமன்ஸ் சீல் ஆகியவை கோடை முழுவதும் பசுமையாக நிற்பவை. ட்ரில்லியம் நம்பகமாகக் கிடைக்காதவர்களுக்குப் பிளட்ரூட் நல்ல மாற்று. அதன் கிழங்கை ஒடித்தால் செம்மஞ்சள் சாறு கசியும், ஏப்ரலில் வெள்ளைப் பூக்கும், சில ஆண்டுகளில் தானே கூட்டமாகப் பெருகும். மேஆப்பிளும் எளிதாகப் பரவும், சிறு பாத்தியில் சற்று அதிகமாகவே பரவும்.

வைல்ட் ஜிஞ்சர் என்ற தரைமூடிச் செடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் வேரில் இஞ்சி மணம் வீசும். ஆனால் அது இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடிய அரிஸ்டலோகிக் அமிலம் அதில் உண்டு. பாத்திக்கு அழகு, தேநீருக்கும் இரசத்துக்கும் ஆகாது. ட்ரில்லியம் உட்பட இங்கே சொன்ன எதையும் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பெரிவிங்கிள், இங்கிலிஷ் ஐவி, லில்லி ஆஃப் த வாலி ஆகியவற்றைக் கடைகள் நிழல் செடிகளாகவே விற்கின்றன. அவை மற்ற அனைத்தையும் மூடி அமுக்கிவிடும், பிறகு காட்டுக்குள்ளும் பரவும்.

விதையிலிருந்து பெருக்க முடியுமா?

முடியும், பொறுமை உள்ளவர்களுக்கு. கோடையில் பழம் முதிர்ந்து மென்மையாகும்போது விதைகளை எடுத்து, உலரவிடாமல் அன்றே இலைமண்ணில் தூவவேண்டும். முதல் குளிர்காலத்துக்குப் பிறகு மண்ணுக்குள் வேர் மட்டும் வரும். இரண்டாவது குளிர்காலம் கழிந்த பின்னரே முதல் இலை வெளியே தெரியும். அடுத்து ஓர் இலை, சில ஆண்டுகளில் மூன்று இலைகள், கடைசியில் பூ. ஒவ்வொரு விதையிலும் எண்ணெய்ச் சத்துள்ள சிறு சதைத்துண்டு ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, சதையைத் தின்றுவிட்டு விதையை எறிந்துவிடும். எனவே நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும், பாத்திக்குச் சில அடிகள் தள்ளி ஒருநாள் குட்டிச் செடி தென்படலாம். அங்கே எறும்பு மருந்து தூவாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இதை வளர்க்கலாமா?

முடியாது. நுவரெலியாவின் குளிரும் கொடைக்கானலின் குளிரும்கூடப் போதாது. பல வாரங்கள் நீடிக்கும் கடும் குளிர் இல்லாமல் இந்தக் கிழங்கின் உறக்கம் கலைவதில்லை.

அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் தொட்டியில்?

பரிந்துரைக்க மாட்டேன். நிலத்துக்குள் இருக்கும் கிழங்கைப் பனிப்போர்வை காக்கிறது; பால்கனித் தொட்டியோ எல்லாப் பக்கமும் உறைந்து, இளகி, மறுபடி உறையும்.

வீடு மாறும்போது எடுத்துச் செல்லலாமா?

இலைகள் மஞ்சளாகத் தொடங்கும்போது இடத்தைக் குறித்துவைத்து, ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பரில் கிழங்கைச் சுற்றிப் பெரிய மண்கட்டியோடு தோண்டி, அன்றே புதிய இடத்தில் அதே ஆழத்தில் நட்டுவிட்டால் பிழைக்கும். பழைய கூட்டத்தில் கிழங்குகள் தாமாகப் பிரிந்திருந்தால் இதுவே பிரித்து நடுவதற்கும் ஏற்ற நேரம். ஆனால் வீட்டை விற்கும்போது நிலத்தில் வேரூன்றிய செடிகள் வீட்டோடு சேர்ந்தவையாகவே பொதுவாகக் கருதப்படும். எடுத்துச் செல்ல விரும்பினால் அதை விற்பனை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள்; வீடு கைமாறும் நாள் வசந்தகாலத்தில் விழுந்தால், இலையுதிர்காலத்தில் வந்து தோண்டிக்கொள்ளப் புதிய உரிமையாளரின் அனுமதியையும் கேட்டு வாங்கிவையுங்கள்.